பத்தேகால் மணிக் கிளர்ச்சி

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். நெடுநாள் அனுபவத்தில் கண்டடைந்த ஏற்பாடு. எழுதுகிறவர் எழுதுவார், தட்டச்சு செய்கிறவர் செய்வார், தைக்கிறவர் தைப்பார், அலமாரி வாங்கிக்கொள்ளும். யாருக்கும் யாரோடும் மனத்தாங்கல் கிடையாது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த நிர்வாகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இணையம் நாற்பது நிமிடம் நின்றுபோனது. பொழுது போகாமல் அலுவலகக் கண்காணிப்பாளர் கைக்கு எட்டிய ஓர் அறிக்கையை எடுத்துப் படித்துவிட்டார். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்த அறிக்கையை எழுதியவர் என் அண்ணி. அதை அலுவலக மொழிக்குப் பெயர்த்தவன் நான். நிறுவனத்தின் ஒரே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு ஒரு மேசையும், கால் ஆடுகிற ஒரு நாற்காலியும், இரண்டு தடித்த அகராதிகளும் உண்டு. ஒரு அகராதியை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அண்ணிக்கு அறை எண் 14-ல் வேலை. ஜன்னல் இல்லாத அறை. நடுவில் ஒரு எஃகு மேசை, அதன்மேல் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கண்ணாடிகள், அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் லேசர் ஒளி. அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டால், "வேதிவினை நடக்கும்போதே பார்க்கிறேன்" என்பார். சாதாரணமாக வேதியியல்காரர்களுக்கு வினைக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியும், பின்னால் என்ன வந்தது என்று தெரியும். நடுவில் நடப்பது யார் கண்ணிலும் படாது, அவ்வளவு வேகம். ஒரு நொடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி பத்துக் கோடி பங்காக்கினால் கிடைப்பதற்கு ஃபெம்டோ நொடி என்று பெயர். மூலக்கூறுக்குள் ஒரு பிணைப்பு அறுவதற்கு அப்படிப்பட்ட நூறு, இருநூறு போதும். அந்த இடைவெளிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பதுதான் அண்ணியின் உத்தியோகம்.

நான் தலையை நுழைத்தது அகராதிக்குள். ஒளி பட்டதும் மூலக்கூறு கொந்தளித்துப் போகிற நிலைக்கு அகராதி இரண்டு சொற்கள் கொடுத்தது: கிளர்வு, கிளர்ச்சி. 'கிளர்வு' எனக்குச் சப்பென்று இருந்தது. 'கிளர்ச்சி' என்று எழுதிப் பார்த்தேன். பக்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதை வைத்துக்கொண்டேன். வினையைத் தொடங்கி வைக்கும் லேசர் துடிப்புக்குத் 'தூண்டு துடிப்பு' என்றும், பின்னால் வந்து எட்டிப் பார்க்கும் துடிப்புக்கு 'வேவுத் துடிப்பு' என்றும் பெயர் சூட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அவை நல்ல பெயர்கள்.

ஆக, கண்காணிப்பாளர் படித்த பத்தி இது:

"தூண்டு துடிப்பு பட்டவுடன் மூலக்கூறுகள் அடிநிலையை விட்டுக் கிளர்ச்சி நிலைக்குச் செல்கின்றன. சற்று நேரத்தில் பழைய பிணைப்புகளை முறித்துக்கொள்கின்றன. வேவுத் துடிப்பு அங்கே நடப்பதை உடனுக்குடன் தெரிவிக்கிறது. இக்கிளர்ச்சி, காலை பத்தேகால் மணிக்கு அறை எண் 14-ல் வெற்றிகரமாக நிகழ்த்தப்பட்டது."

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னய்யா இது?"

"ஆண்டறிக்கை சார்."

"அது தெரியுது. உள்ள என்ன எழுதியிருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

"கிளர்ச்சின்னு போட்டிருக்கு. நம்ம கட்டடத்துல. பத்தேகாலுக்கு. எனக்குத் தெரியாம!"

"அது வந்து சார், மூலக்கூறுங்க..."

"அது எந்தப் பிரிவு?"

"பிரிவு இல்ல சார். ரொம்பச் சின்னது. கண்ணுக்கே தெரியாது."

"கடைநிலை ஊழியர்னு சொல்லு." குறித்துக்கொண்டார். "தூண்டிவிட ஆள் இருக்கு. வேவு பார்க்க ஆள் இருக்கு. வெற்றிகரமா நடந்துச்சுன்னு வேற போட்டிருக்கு. எழுத்துல குடுத்துட்டுக் கிளர்ச்சி பண்ற முதல் ஆள் உங்க அண்ணிதான்யா."

கண்காணிப்பாளரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார். ஆனால் காகிதத்தில் ஒன்று வந்துவிட்டால் அது நடந்துவிட்டது என்பதில் அவருக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஒருமுறை தவறுதலாக அவரையே விடுப்பில் இருப்பதாகப் பதிந்துவிட்டார்கள். அன்று முழுவதும் வாசலுக்கு வெளியே நின்றார்.

மாலைக்குள் குறிப்பாணை போய்விட்டது. கிளர்ச்சியில் ஈடுபட்டோர் எண்ணிக்கை என்ன, தூண்டியவர் பெயரும் பதவியும் என்ன, தொடங்கிய நேரம் முடிந்த நேரம் என்ன, ஈடுபட்டோர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்பவற்றுக்கு மூன்று நாளில் படிவம் 9-ஆ வழியாக விளக்கம் தர வேண்டும் என்று கேட்டிருந்தது.

வீட்டில் அண்ணி அந்தக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிளர்வுன்னு போட்டிருக்கலாமே தம்பி?"

"சப்புன்னு இருந்துச்சு அண்ணி."

"இப்ப காரமா இருக்கா?"

அண்ணன் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "நான் இருவத்தஞ்சு வருஷமா வீட்டுல கிளர்ச்சி பண்ணணும்னு இருக்கேன், நடக்கல. உனக்கு ஆபீஸ்ல ஒரே நாள்ல நடந்துருச்சு" என்றார். அவரை நாங்கள் இருவருமே கண்டுகொள்ளவில்லை.

அண்ணிக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. காரணம் இருந்தது. அப்போது அவர் ஆராய்ந்துகொண்டிருந்த மூலக்கூறு ஒரு வளையம். ஒளி பட்டால் வளையம் ஓர் இடத்தில் அறுந்து திறந்துகொள்ளும். பட்டவுடனே அறுகிறதா, கொஞ்சம் யோசித்து அறுகிறதா என்பதுதான் கேள்வி. எண்பது ஃபெம்டோ நொடி வரைக்கும் அளந்துவிட்டார். வளையம் முழுதாக இருந்தது. இருநூறுக்கு மேலும் அளந்துவிட்டார், அறுந்திருந்தது. நடுவில் உள்ளதை அளக்க வேண்டிய வாரத்தில் கண்ணாடியை நகர்த்தும் திருகு சிக்கிக்கொண்டது. துப்பறியும் படத்தில் கொலை நடக்கிற இடம் மட்டும் காணாமல் போன மாதிரி. இப்போது திருகு சரியாகிவிட்டது. ஆனால் அந்த மூலக்கூறின் கரைசலைக் காய்ச்சி எடுக்க அவர் தோழிக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அறை எண் 14-ல் குளிர்பெட்டிக்குள் இருக்கும் அந்த ஒரே குப்பி, அன்றிலிருந்து பன்னிரண்டு நாள்தான் தாங்கும். அதற்குள் அளந்தால் உண்டு. இல்லையென்றால் இன்னொரு ஏழு மாதம், அதுவும் தோழிக்கு மனம் இருந்தால்.

மறுநாள் காலையில் நான் கண்காணிப்பாளரிடம் போய் நின்றேன்.

"சார், தப்பு என்னோடது. ஒரு சொல்லு மாறிப்போச்சு. திருத்திக் குடுத்துடறேன்."

"தாராளமா திருத்தலாம். படிவம் பதினேழு." எடுத்தும் கொடுத்தார். பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒண்ணு இருக்குய்யா. கிளர்ச்சியே இல்லன்னு நீ திருத்தினா, இல்லாத கிளர்ச்சிக்கு நான் குறிப்பாணை அனுப்பினதா ஆகும்."

"ஆமா சார்."

"நான் இல்லாததுக்கு அனுப்புவேனா?"

"மாட்டீங்க சார்."

"அப்ப கிளர்ச்சி இருந்திருக்கு." சொல்லிவிட்டு அன்போடு என் தோளைத் தட்டினார். "தெரியாம ஒரு உண்மைய எழுதிட்ட. விடு."

அண்ணி விளக்கம் எழுதினார். பொய் எழுதத் தெரியாதவர், கோபத்திலும் எழுதவில்லை. ஈடுபட்டோர் எண்ணிக்கை: ஒரு துடிப்புக்குச் சுமார் பத்தாயிரம் கோடி, நொடிக்கு ஆயிரம் துடிப்பு. தூண்டியவர்: ஒளி. நடவடிக்கை: முக்கால்வாசிப் பேர் தாமாகவே அடிநிலைக்குத் திரும்பிவிட்டனர், மீதிப் பேர் வேறு பொருளாக மாறிவிட்டனர். தொடங்கிய நேரம்: பத்தேகால். முடிந்த நேரம்: பத்தேகாலுக்கு மேல் 0.0000000000002 நொடி.

இதைக் கண்காணிப்பாளர் மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தார். ஊழியர் பட்டியலில் 'ஒளி' என்ற பெயரில் யாரும் இல்லாததால், தூண்டியவர் வெளியாள் என்று முடிவானது. அடிநிலைக்குத் திரும்பியவர்களுக்கு எதிரே 'பதவியிறக்கம் ஏற்கெனவே வழங்கப்பட்டது' என்று எழுதினார். வேறாக மாறியவர்களுக்கு எதிரே 'வேறு துறைக்கு மாறுதல்' என்று எழுதினார். இரண்டும் அவருக்குத் திருப்தி அளித்தன. எண்ணிக்கைதான் உதைத்தது. எங்கள் நிறுவனத்தின் மொத்த ஊழியர்கள் 412 பேர். அறை எண் 14-ல் தீயணைப்பு விதிப்படி ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது.

"பத்தாயிரம் கோடி பேர் உள்ள போயிருக்காங்க, வாசல்ல ஒரு கையெழுத்து இல்ல" என்றார் வருத்தத்துடன். விசாரணை முடியும்வரை அறைக்கு அரக்கு முத்திரை வைத்தார். குப்பி உள்ளே இருந்தது. மிச்சம் எட்டு நாள்.

விசாரணையின் முதல் கட்டமாக, கிளர்ச்சியில் தமக்குப் பங்கில்லை என்று எல்லா ஊழியர்களும் எழுதித் தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இரண்டு மணி நேரத்தில் குவிந்துவிட்டன 411 கடிதங்கள். எல்லாம் ஒரே வாசகம்: 'நான் அன்று அந்தப் பக்கமே போகவில்லை.' முதலில் எழுதியவர் அவசரத்தில் அறை எண் 14 என்பதை அறை எண் 41 என்று எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். எங்கள் கட்டடத்தில் அறை எண் 41 என்று ஒன்று கிடையாது. அங்கே போகவில்லை என்று 411 பேரும் கையெழுத்திட்டுச் சத்தியம் செய்தோம். என் கையெழுத்தும் இருந்தது. அண்ணியின் மைத்துனன் என்பதால் நான் இரண்டு பிரதி கொடுத்தேன்.

 அன்று மாலை அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டே காலண்டரில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றும் இல்லை.

கோப்பு இயக்குநரிடம் போனது. எங்கள் இயக்குநர் நவீனமானவர். அந்த ஆண்டை அவர் 'துரித நிர்வாக ஆண்டு' என்று அறிவித்திருந்தார். அறிவிப்புப் பலகை மட்டும் இன்னும் அச்சாகி வரவில்லை. கோப்பில் சுருக்கம் மட்டும் படிப்பார். சுருக்கத்தில், படிவம் 9-ஆ-வின் அடியில் உள்ள குறிப்பின்படி, நிமிடத்துக்குக் கீழான பின்னங்கள் நீக்கப்பட்டிருந்தன. ஆகவே அங்கே இப்படி இருந்தது: 'கிளர்ச்சி தொடங்கிய நேரம் 10.15. முடிந்த நேரம் 10.15.'

"என்னது, தொடங்கின நிமிஷமே முடிஞ்சுருச்சா?" என்றார் இயக்குநர்.

நானும் கண்காணிப்பாளரும் எதிரே நின்றுகொண்டிருந்தோம். கண்காணிப்பாளர் காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.

"ஆமா சார்."

"யார் அடக்கினது?"

"நிர்வாகம்னு ஒண்ணு இருக்கே சார்."

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "பத்தாயிரம் கோடி பேர். ஒரே நிமிஷம்!"

அண்ணியைக் காப்பாற்ற இது ஒன்றுதான் வழி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம்கூட இல்ல சார். பின்னத்தை விட்டுட்டாங்க. சரியாச் சொன்னா இருநூறு ஃபெம்டோ நொடி."

"அது எவ்வளவு?"

"நீங்க எவ்வளவுன்னு கேட்டீங்களே சார், அதுக்குள்ள பல லட்சம் கோடி தடவை அடக்கலாம்."

அன்றே தலைமையகத்துக்குக் கடிதம் பறந்தது. பறந்தது என்று எழுதுவது வழக்கம். உண்மையில் அந்தக் கடிதம் பறக்கவே செய்தது, எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஐந்தாம் நாள் பதில் வந்தது. உலக நிர்வாக வரலாற்றிலேயே மிக விரைவாக அடக்கப்பட்ட கிளர்ச்சி இதுவாகத்தான் இருக்க முடியும் என்றும், உயர்நிலைக் குழு ஒன்று நேரில் காண வருகிறது என்றும், அதன்பொருட்டு மேற்படி கிளர்ச்சியை நாளை மறுநாள் அதே நேரத்தில் அதே அறையில் மீண்டும் நடத்தி மீண்டும் அடக்கிக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

முத்திரை உடைந்தது. அண்ணி ஓடிப்போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். கரைசல் தெளிவாக இருந்தது. குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால், கண் கலங்கி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் கேட்ட அந்தக் குளிர்சாதனத்தை இப்பவே போடச் சொல்லுங்க. சூடு ஒரு டிகிரி மாறினாலும் கண்ணாடியெல்லாம் நகர்ந்துடும்" என்றார். மூன்று ஆண்டாகக் கேட்டும் கிடைக்காத புதுக் குளிர்சாதனம் அரை மணியில் வந்தது. கிளர்ச்சிக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்று இயக்குநரே வாசலில் நின்று உள்ளே அனுப்பினார். மிச்சம் இரண்டு நாள்.

குறித்த நாளில் குழு வந்தது. மூன்று பேர். லேசர் கண்ணில் படாதிருக்க எல்லோருக்கும் தடித்த கண்ணாடி மாட்டிவிட்டோம். எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் இயக்குநர் என்று நினைத்து ஒருவர் எனக்கு வணக்கம் வைத்தார், நானும் மறுக்கவில்லை. சரியாகப் பத்தேகாலுக்கு அண்ணி ஒரு பொத்தானை அழுத்தினார். லேசர் மெல்லிசாக முனகியது. திரையில் ஒரு கோடு ஊர்ந்தது.

"எங்க கிளர்ச்சி?" என்றார் குழுத் தலைவர்.

"நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆயிரம் நடந்து முடிஞ்சுருச்சு சார்" என்றார் அண்ணி.

"அடக்கியாச்சா?"

"ஒவ்வொண்ணும் அடங்கியாச்சு."

கைதட்டினார்கள். தலைவர் இரண்டு வார்த்தை பேசினார். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு எல்லோரும் தேநீருக்குக் கிளம்பினார்கள். அண்ணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் தேவைப்பட்டது. லேசரை நிறுத்திவிடலாமே என்று இயக்குநர் கையை நீட்டினார்.

"நிறுத்தலாம் சார்" என்றார் அண்ணி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "ஆனா அடக்கினது நிலைச்சு நிக்குதான்னு மூணு மணி நேரமாவது பார்க்கணும். தலைமையகம் கேட்டா நான் என்ன சொல்ல?"

இயக்குநர் நீட்டிய கையை மரியாதையாக மடக்கிக்கொண்டார். மேற்பார்வைக்குக் கண்காணிப்பாளரை விட்டுவிட்டுப் போனார். நானும் இருந்தேன்.

ஒரு மணி நேரம் கண்காணிப்பாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சந்தேகம் கேட்கிற குரலில், "மேடம், இதுல எப்படித்தான் பார்க்கறீங்க?" என்றார்.

"ஒரு கிளர்ச்சிய முழுசா யாராலயும் பார்க்க முடியாது சார். அதனால ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணைத் தொடங்கி வைப்போம். முதல் துடிப்பு தூண்டிவிடும். ரெண்டாவது துடிப்பு கொஞ்சம் தாமதமா வந்து ஒரே ஒரு தடவை எட்டிப் பார்க்கும். அடுத்தது இன்னும் கொஞ்சம் தாமதமா வரும். எல்லாத்தையும் வரிசையா ஒட்டினா படம் மாதிரி ஓடும்."

"தாமதம் எப்படிக் குடுப்பீங்க?"

"இந்தக் கண்ணாடிய ஒரு முடியோட பருமன்கூட இல்லாம, துளியூண்டு பின்னால தள்ளுவோம். வெளிச்சம் அவ்வளவு தூரம் கூடுதலா சுத்தி வரணும். அதுதான் தாமதம்."

கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. "சுத்த விட்டா தாமதமாகும்! மேடம், இதத்தானே நாங்க முப்பது வருஷமா பண்றோம். கோப்பைத் தள்ளி விடுவோம். கொஞ்ச நாள் கழிச்சு எட்டிப் பார்ப்போம். வேற மேசைல இருக்கும். அது நகர்றத இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல."

"நாம ஒரே துறைதான் சார்" என்றார் அண்ணி. அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டு மணிக்குக் கடைசிப் புள்ளியும் வந்து விழுந்தது. திரையில் கோடு முழுசாக நின்றது. மேலே ஏறி, சரிந்து இறங்குவதற்கு முன்னால், நடுவில் ஓர் இடத்தில் அது சின்னத் திட்டாகத் தட்டையாக ஓடியது. அண்ணி அந்தத் திட்டின் மேல் விரலை வைத்தார். 

"பாருங்க தம்பி. உடனே அறுந்துடல. வெளிச்சம் பட்ட பிறகு நிக்குது. நூத்தி இருபது ஃபெம்டோ நொடி நிக்குது. அதுக்கப்புறம்தான் அறுந்துபோகுது."

"தயங்குதா மேடம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஆமா சார். தயங்குது. ஆனா அறுந்துடுது."

 கண்காணிப்பாளர் தடித்த கண்ணாடியைக் கழற்றாமலே தம் அறைக்குப் போனார்.

அதன் பிறகு ஊரில் ஃபெம்டோ பிடித்துக்கொண்டது. இயக்குநர் 'ஃபெம்டோ நிர்வாகம்' என்று எல்லோர் சட்டையிலும் வில்லை குத்தினார். எந்தக் கோப்பின் மேலும் 'ஃபெம்டோ' என்று சிவப்பில் ஒட்டாவிட்டால் யாரும் தொடுவதில்லை. ஒட்டினாலும் தொடுவதில்லை, ஆனால் மரியாதை கூடியது. சிற்றுண்டிச்சாலையில் 'ஃபெம்டோ தேநீர்' வந்தது, சொல்லி நாற்பது நிமிடம் கழித்து. தெருமுனைச் சலவைக்கடைக்காரர்கூடப் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார். சட்டை வழக்கம்போல வெள்ளிக்கிழமைதான் கிடைக்கிறது. ஃபெம்டோ முறையில் முடிவெடுப்பது எப்படி என்று பயிற்சி கொடுக்க ஒரு நிபுணர் வந்து மூன்று நாள் பேசினார்.

தலைமையகம் இன்னொரு கடிதம் அனுப்பியது. கிளர்ச்சியை அடக்குவதில் நேரில் பங்காற்றிய ஊழியர்களின் பட்டியல் வேண்டும், அனைவருக்கும் பாராட்டுச் சான்றிதழ் உண்டு என்றது. இயக்குநர் முதலில் கையெழுத்திட்டார். அவருக்கு அடுத்து கண்காணிப்பாளர். மாலைக்குள் எல்லோரும் போட்டுவிட்டோம். 'முதற்கிளர்ச்சி நாளன்று பத்தேகால் மணிக்கு அறை எண் 14-ல் நேரில் இருந்து அடக்கினேன்' என்பது வாசகம். எழுதிக் கொடுத்தவன் நான். வாயில் காவலர் போட்டார். பேறுகால விடுப்பில் இருந்த இருவர் ஆள் அனுப்பிப் போட்டார்கள். அண்ணி மட்டும் போடவில்லை. "பத்தேகாலுக்கு அங்க இருந்த ஒரே ஆள் நான்தான். நான் யாரையும் அடக்கல" என்றுவிட்டார். அவர் இல்லாத குறையைப் போன மாதம் ஓய்வு பெற்ற ஒருவர் வந்து நிரப்பினார். ஆக 412 பேர், ஆறு பேர் நிற்கக்கூடிய அறையில்.

சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினோம். சட்டத்தின் பசை காய்வதற்குள் தணிக்கைப் பிரிவின் ஆணை வந்தது.

அந்த ஆணையைப் போல நேர்மையான ஒன்றை நான் மொழிபெயர்த்ததில்லை. மேற்படி நாளில் பத்தேகால் மணிக்கு 412 பேரும் அறை எண் 14-ல் இருந்ததாக எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளனர். ஆகவே அதே நேரத்தில் அவரவர் இருக்கையில் அவர்கள் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. அனைவருக்கும் அரை நாள் விடுப்பு கழிக்கப்படுகிறது. ஓய்வு பெற்றவருக்கு முன்தேதியிட்டுக் கழிக்கப்படும். அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்று ஊழியர்கள் முன்பு அளித்த கடிதங்களுக்கும் இதற்கும் முரண்பாடு ஏதுமில்லை. அவை அறை எண் 41 பற்றியவை. பட்டியலில் பெயர் இல்லாத ஒரே ஊழியரான லேசர் ஆய்வாளர், தம் பணியிடமான அறை எண் 14-ல் அன்று ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் தர வேண்டும்.

அண்ணி அந்த ஆணையின் பின்பக்கத்தில், அறுபடும் வளையத்தின் கோட்டைப் பென்சிலால் வரைந்து சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறார். அவர் கட்டுரை அச்சாகிவிட்டது. தோழிக்குத் தனியாக நன்றி போட்டிருக்கிறார். எனக்கும் ஒரு வரி உண்டு: 'சொல்லுக்கு நன்றி.'

எங்களுக்குத்தான் கொதித்தது. அரை நாள் விடுப்பு என்றால் சும்மாவா? இயக்குநரும் அண்ணியும் தவிர மற்ற எல்லோரும் சிற்றுண்டிச்சாலையில் கூடினோம். இதை விடக்கூடாது, ஒரு கிளர்ச்சி செய்தே தீர வேண்டும் என்று கண்காணிப்பாளரே எழுந்து சொன்னார்.  மேசையைத் தட்டினோம். கோரிக்கை மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்றே எழுதிவிட்டேன், நல்ல காரமாக. இனி முதல் கையெழுத்து யாராவது போட்டால் போதும்.

நேற்றுச் சாப்பிடும்போது அண்ணி கேட்டார், "என்ன தம்பி, உங்க கிளர்ச்சி என்னாச்சு?"

"மனு ரெடி அண்ணி. முதல் கையெழுத்துக்குத்தான் கொஞ்சம் தயங்கறாங்க."

"எவ்வளவு நேரமா?"

"மூணு மாசமா."

அண்ணி எழுந்து போய், சுவரில் இருந்த கோட்டின் தட்டையான திட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் அதையும் குறித்துக்கொண்டார்.

"நீங்க போடலையா?" என்றார்.

நான் அந்தப் பக்கமே போகவில்லை.